முகம் பொருந்தவில்லை

இரவு பத்து மணி ஷிஃப்ட்.
வருகைப்பதிவு எந்திரத்தின் முன் நிற்கிறேன்.
பச்சை வட்டம் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச்
சிவப்பாகிறது.
முகம் பொருந்தவில்லை.
"கண்ணாடியைக் கழற்றிட்டுப் பாரும்மா" என்கிறார் திம்மராயன்.
நான் கண்ணாடி போடுவதே இல்லை.

மூன்று மாதம் முன்பு
கணுக்காலில் கேழ்வரகு சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்.
துடைத்தேன், போகவில்லை.
பணப்பெட்டியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் நீலம்.
ரேஷ்மா பானு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்:
"வீட்டுக்காரர் அடிக்கிறாரா?"
பாவம் அவர்.
கோழி அறுக்கிற அன்றைக்குத்
தண்ணீர் பிடிக்கிற சாக்கில் தெருக்குழாய்க்குப் போய்விடுகிறவர்.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தார்கள்.
ஒன்றரை லட்சம் இருக்கவேண்டிய இடத்தில்
ஏழாயிரம்.
இங்கே சில வண்டிகள் வரும்,
ஃபாஸ்டேக்கில் பணமிராது, தடுப்புக்கட்டை எழாது,
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.
அப்படி நின்றேன் அந்தச் சன்னல்முன், சீட்டோடு.

பப்பாளி இலைச் சாறு குடி என்றார் மாமியார்.
பால்காரர் சொன்னார்.
நல்லம்பள்ளி பஸ் கண்டக்டர் சொன்னார்.
பெயர் தெரியாத ஒரு லாரி கிளீனர்
இலையே பறித்துவந்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போனான்.
"இது டெங்கு இல்லைம்மா,
உன் உடம்பே உன் தட்டணுவை
அந்நியன்னு நினைச்சு அழிக்குது" என்றார் டாக்டர்.
சாப்பிட்ட பிறகு ஆறு மாத்திரை.

எண்ணிக்கை ஏறியது.
கூடவே நானும்.
நள்ளிரவு இரண்டு மணிக்கு
மூன்று உருண்டை களி, கீரைக் கடைசல்,
ரேஷ்மாவின் டப்பாவில் மிச்சமிருந்த குஸ்கா,
அதற்குப் பிறகும் பசி.
விடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால்
மூடிய இமைக்குள் ஆறு லேனிலும் வண்டி.
தாடையில் பூனைமுடி.
கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து எங்கோ போய்,
மகள் வரைந்த படத்தில்
நான் ஒரு வட்டம்; வட்டத்துக்குப் பொட்டு.

இரண்டு ரூபாய்ச் சில்லறைக்காக
ஒரு ஐச்சர் டிரைவரைக் கத்தித் தீர்த்தேன்.
அவன் போன பிறகு அழுதேன்.
கோபம், அழுகை எல்லாம்
மாத்திரை அட்டையோடு வந்த தாளில் போட்டிருக்கிறது.
எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டமுடியுமா,
கொஞ்சம் என்னுடையதும் உண்டு.

"ஒரே நாள்ல நிறுத்திடட்டுமா டாக்டர்?"
"கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான்."
அதற்குமேல் அவர் விளக்கவேண்டியிருக்கவில்லை.
தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால்
ஒன்பது வருஷமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்ட வண்டிகள்
மறுநாள் கிரேனில் தொங்கிக்கொண்டு திரும்பிவரும்.
சரக்கு எவ்வளவோ அவ்வளவு சின்ன கியர்.

ஆறு, ஐந்து ஆகி
இந்த வாரத்திலிருந்து நான்கு.
தொண்ணூறாயிரம் வரை போனது
ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறது.
"பரவாயில்லை, பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.
பார்க்கலாம் என்பது ஒரு மருந்தா என்று
பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

திம்மராயன் எந்திரத்தைத் தட்டித் தட்டிப்
புதிதாக என்னைப் படம் எடுக்கிறார்.
நேராய்ப் பார், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம்.
"பழைய முகத்தை அழிச்சிடட்டுமா?"
"வேணாம் சார், இருக்கட்டும்.
அவ திரும்பி வந்தா
கதவு திறக்கணும்ல."

ஐந்தாவது லேன்.
பாலக்கோட்டுத் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது.
பெட்டியின் விளிம்பில் கை படாமல்
சில்லறையை எடுத்து நீட்டுகிறேன்.